மேலே இருந்தால் அணைந்தது

பல் விளக்கிவிட்டு வாய் கொப்புளிக்கக் குழாயைத் திறந்தபோது டெக்லன் டூமியின் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக வந்து விழுந்தது தண்ணீர். அவர் திறந்தது பச்சைத் தண்ணீர்க் குழாயை. அதில் சந்தேகமில்லை. முப்பது வருஷமாக அதே வாடகை வீடு, அதே குளியலறை, இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர். வாய் நிறைய நுரையோடு நின்று இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவை கை தவறியதுபோல வலப்பக்கத்தை மூடி மறுபடி திறந்தார். மறுபடியும் வெதுவெதுப்பு.

அப்படியே படியிறங்கிப் போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தார். பல் கூசும் குளிர். அது தெருவிலிருந்து நேராக வருகிற தண்ணீர். மேலே குளியலறைக்கு வருவது பரணில் இருக்கும் தொட்டியிலிருந்து. அப்படியானால் பரண் தொட்டி சூடாகியிருக்கிறது. கோவ் ஊரில், நவம்பர் மாதத்தில், துறைமுகத்துக் காற்று ஓட்டுச்சந்து வழியாக விசிலடித்துக்கொண்டு நுழையும் ஒரு பரணில், தண்ணீர் தானாகச் சூடாகிறது. அவர் சமையலறையில் கொப்புளித்துத் துப்பினார். யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

குளியலறைக்கு வெளியே துணி அலமாரி. அதற்குள்தான் ஆளுயரச் செப்புத் தொட்டி நிற்கிறது. சுற்றிலும் பலகைத் தட்டுகளில் துண்டுகளும் போர்வைகளும். தொட்டிக்குள் மின்சார ஹீட்டர். அதன் சுவிட்சு பின்சுவரில், துண்டு அடுக்குக்குப் பின்னால் இருட்டில் இருந்தது. அதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, கையை விட்டுத் தடவிப் பார்ப்பதோடு சரி. மேலே இருந்தால் அணைந்தது. கீழே இருந்தால் எரிகிறது.

அந்த ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் கதவைப் பூட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. ஹீட்டரை அணைத்தாயா என்றுதான் கேட்பார்கள். குளிக்கப்போவதற்கு அரைமணி முன்னால் போடுவது, குளித்ததும் அணைப்பது. அதற்குமேல் ஒரு நிமிஷம் அது எரிந்தால் குடும்பமே அழிந்துபோகும் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு பிள்ளையும் வளர்கிறது. டெக்லனும் பிரீடாவும் கல்யாணமான புதிதில் கெர்ரி பக்கம் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, பாதி வழியில் பிரீடாவுக்குச் சந்தேகம் வந்து காரைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். சுவிட்சு மேலேதான் இருந்தது. போக வர வீணான பெட்ரோலைப் பற்றி பிரீடா ஒரு வார்த்தை பேசவில்லை. "பாத்துட்டோம்ல" என்றாள், அவ்வளவுதான். இப்போது பிரீடா இல்லை. மகள் கிளோடா ஆஸ்திரேலியாவில். ஆனால் அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் டெக்லனின் கை தானாக உள்ளே போய்த் துண்டுகளுக்குப் பின்னால் தடவிவிட்டுத் திரும்பும். கை போனது அவருக்கே தெரியாது.

இப்போது மறுபடி மேலே ஏறி வந்து, தெரிந்தே கையை விட்டார். சுவிட்சு மேலே இருந்தது. அணைந்திருக்கிறது. சரி. கையை வெளியே எடுக்கும்போது புறங்கை தொட்டியில் பட்டது. சுரீரென்று சுட்டது.

அலமாரிக்குள் துண்டு அடுக்கின்மேல் பூனை படுத்திருந்தது. பிஷப் என்று பேர். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கொஞ்ச நாளாகவே அது அங்கேதான் குடியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

டெக்லன் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் சுடுகிறது, சுவிட்சோ அணைந்திருக்கிறது. அப்படியானால் யாரோ ஹீட்டரைப் போட்டிருக்க வேண்டும். வெகுநேரம் எரியவிட்டிருக்க வேண்டும். பிறகு அணைத்திருக்க வேண்டும். இந்த வீட்டில் இருப்பது அவரும் பிஷப்பும்தான்.

அவருக்கு ஷேமஸின் நினைவு வந்தது.

அண்ணன் ஷேமஸுக்கும் ஆரம்பித்தது தண்ணீரில்தான். குளியல் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது சமையலறைக் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "நான் அந்தக் குழாய்ப் பக்கமே போகலடா" என்று சொன்னார். வாதாடவில்லை, கோபப்படவில்லை. தன் பேரைச் சொல்வதைப்போல அத்தனை நிச்சயமாகச் சொன்னார். இப்போது மாலோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சில ஞாயிறுகளில் தம்பியைத் தெரிகிறது. சில ஞாயிறுகளில் தெரிவதில்லை. அண்ணனின் அந்த நிச்சயம்தான் இப்போது டெக்லனைப் பயமுறுத்தியது. ஏனென்றால் அதே நிச்சயம் அவரிடமும் இருந்தது. நான் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தெரியாதா.

டெக்லன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். ஃபிண்டன் என்பவருடைய சின்ன நிறுவனத்தில் ஓடும் மூன்று பஸ்களில் ஒன்று அவருடையது. குறுகலான மேட்டுப் பாதை, ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் நேராகக் கடல். வண்டி நிறையப் பிள்ளைகள். ஏறும்போது எண்ணுவார், இறங்கும்போது எண்ணுவார். நினைவு பிசகுகிற ஆள் அந்த வண்டியில் உட்காரக்கூடாது. அதை வேறு யாரும் வந்து அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

*

முதலில் அவர் குழாய்கள் மேல்தான் பழியைப் போட்டுப் பார்த்தார். பஸ் நிற்கும் கொட்டகையில் டீ குடிக்கும்போது மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

"பச்சைத் தண்ணிக் குழாய்ல சுடுதண்ணி வருது, ஃபிண்டன்."

"நாங்கள்லாம் சுடுதண்ணிக் குழாய்லயே பச்சைத் தண்ணில குளிக்கறோம். உனக்கென்னப்பா குறை."

"விளையாடாத. எதனால இருக்கும்?"

ஃபிண்டனுக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். டீயை வைத்துவிட்டுக் கையால் காற்றில் ஒரு குழாய் வரைந்தார். "உள்ள காத்து அடைச்சிருக்கும். பழைய வீடு பாரு. கீழ சமையலறையில ரெண்டு குழாய் இருக்குல்ல, ரெண்டையும் ஒரு ரப்பர் டியூப் போட்டு இணைச்சு, ரெண்டையும் திற. தெருத்தண்ணி வேகத்துல காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும்."

"நிஜமாவா?"

"எங்க மாமியார் வீட்ல அப்படித்தான் போச்சு."

டெக்லன் சாயங்காலம் துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர்க் குழாயைக் கழற்றி அப்படியே செய்தார். உள்ளே கடகடவென்று ஏதோ ஓடியது. பரணில் தபதபவென்று சத்தம் கேட்டது. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"டெக்லன். உன் வீட்டுக் கூரை என் படுக்கைவிரிப்பு மேல ஒண்ணுக்கு அடிக்குது."

பக்கத்து வீட்டு நோரீன். பரண் தொட்டி நிரம்பி, கூரை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கழிவுக்குழாய் வழியாக நோரீனின் கொடியில் கொட்டிக்கொண்டிருந்தது. விரிப்புகளிலிருந்து லேசாக ஆவி பறந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்க நோரீன். காத்தை வெளியேத்திட்டிருந்தேன்."

நோரீன் விரிப்பின் நுனியைப் பிடித்து மோந்து பார்த்தார். "இது காத்து மாதிரி தெரியல. சுடுது வேற. மேல என்ன, சூப் வைக்கிறியா?"

நோரீன் பாதி ஆயுளைப் பாஸ்டனில் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்றபின் ஊர் திரும்பியவர். டெக்லன் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. டெக்லன் வெளியூர் போனால் பிஷப்புக்குச் சாப்பாடு வைப்பது அவர்தான். அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். டெக்லன் சொல்லவில்லை. இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போய் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். காற்று போயிருந்தாலும் அதனால் ஒரு பயனுமில்லை. பச்சைத் தண்ணீர் அப்போதும் வெதுவெதுத்தது.

வீட்டுக்காரர் ஹார்டிகனுக்குப் போன் செய்தார்.

"மிஸ்டர் ஹார்டிகன், தண்ணி ரொம்பச் சூடா இருக்குங்க."

"நாப்பது வருஷமா வாடகைக்கு விடறேன் டெக்லன். சூடு ஜாஸ்தின்னு புகார் சொல்ற முதல் ஆள் நீதான்."

"ஹீட்டர் அணைஞ்சிருக்கப்பவே சுடுதுங்க."

"அணைஞ்சிருந்தா எப்படிச் சுடும்? போன மாசம்தான் என் மருமகனை அனுப்பி அந்த அலமாரிக்குள்ள பழைய ஒயரெல்லாம் மாத்தினேன், நீ வேலைக்குப் போயிருந்தப்ப. எல்லாம் புதுசு. நீ போட்டுட்டு அணைக்க மறந்திருப்ப. வயசாகுதில்ல, நம்ம எல்லாருக்கும்தான்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

*

அதற்குப்பின் டெக்லன் ஹீட்டரைப் போடுவதையே நிறுத்திவிட்டார். குளிக்கும் முன்பும் சுவிட்சைத் தொடவில்லை. அது மேலேயே இருக்கட்டும். ஆனாலும் தண்ணீர் சுட்டது. இன்னும் அதிகமாகவே சுட்டது. பரணில் யாரோ பாத்திரம் உருட்டுவதுபோலத் தொட்டி குமுறியது. அப்படியானால் தூக்கத்தில் எழுந்து போடுகிறேனா. போட்டுவிட்டு, விடிவதற்குள் அணைத்தும் விடுகிறேனா. தூக்கத்தில்கூட அணைக்க மறக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பெருமைப்பட்டதை நினைத்து இன்னும் பயம் வந்தது.

மேஜை இழுப்பறையிலிருந்து ஒட்டும் பட்டையை எடுத்து சுவிட்சின்மேல் குறுக்காக ஒட்டினார். காலையில் பார்த்தார். பட்டை ஒட்டியபடியே இருந்தது. தொட்டி கொதித்தது. யாராயிருந்தாலும் இதோடு நிம்மதியடைந்திருப்பார்கள். டெக்லன் அந்தப் பட்டையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். இதையும் நானே பிரித்து, வேலை முடிந்ததும் நானே ஒட்டியிருக்கலாம். சுருள் என் இழுப்பறையில்தானே இருக்கிறது. தன்னைத் தானே காவல் காக்கிற வேலை இப்படித்தான் போகும்போல. அவர் பட்டையைப் பிய்த்துக் கசக்கிப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலோவுக்குக் கிளம்பும்முன் அலமாரிக்குள் கைவிட்டார். மேலே. நன்றாக நினைவு வைத்துக்கொள்ள வாய்விட்டே சொன்னார்: "மேல இருக்கு. அணைஞ்சிருக்கு."

இல்லத்தில் ஷேமஸ் ஜன்னலோரம் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அன்று தம்பியைத் தெரிந்த நாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஹீட்டரை அணைச்சியாடா?" என்றார்.

"அணைச்சாச்சு அண்ணா."

"நல்லாத் தெரியுமா?"

டெக்லன் அண்ணனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

அன்று திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறி அலமாரிக்குள் கையை விட்டார். சுவிட்சு கீழே இருந்தது.

கீழே. எரிகிறது. காலையிலிருந்து எரிந்திருக்கிறது. அவர் பதறித் தொட்டியைத் தொட்டார். தொட்டி குளிர்ந்திருந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்தார். கொஞ்சம் வெதுவெதுப்பாக வந்து, பிறகு பச்சைத் தண்ணீராகவே வந்தது. அணைந்திருந்தபோது கொதித்த தொட்டி, எரிகிறபோது ஜில்லென்று இருக்கிறது. டெக்லன் சுவிட்சை மேலே தள்ளினார். ஏன் தள்ளினோம் என்று தெரியவில்லை. கை தள்ளியது. அவர் கோட்டோடு படியில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொன்ன வார்த்தையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். மேலே இருக்கு என்றா சொன்னேன், கீழே இருக்கு என்றா சொன்னேன்? திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் இரண்டு வார்த்தையும் ஒரே மாதிரி ஒலிக்க ஆரம்பித்தன.

கிளோடா போன் செய்தாள். "அப்பா, குரலே ஒரு மாதிரி இருக்கு. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. குழாய்த் தண்ணி கொஞ்சம் சரியில்ல."

"அதுக்கா இப்படி இருக்கீங்க?"

"அதுக்குத்தான்."

"பெரியப்பா எப்படி இருக்காரு?"

"என்னைவிட நல்லா இருக்காரு" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

புதன்கிழமை கொட்டகையில் ஃபிண்டனிடம் போய் நின்றார். "வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கறேன். சாவியை அன்னைக்குக் குடுத்துடறேன்."

ஃபிண்டன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஏன்யா, முதுகா?"

"ஆமா. முதுகு."

"எனக்கும்தான் முதுகு. நான் சொன்னேனா யார்கிட்டயாவது?"

டெக்லன் நின்றுகொண்டே இருந்தார். ஃபிண்டன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி டயரின் பக்கம் குனிந்தார்.

*

வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு வந்தபோது நோரீன் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு தட்டில் ரொட்டி, துணி மூடியிருந்தது.

"என் விரிப்பைக் கெடுத்தவனுக்கு நானே ரொட்டி சுட்டுக் கொண்டுவர்றேன். ஃபிண்டன் பொண்டாட்டி சொன்னா, உனக்கு முதுகு சரியில்லையாமே. முதுகு சரியில்லாதவன் மேட்டுல அப்படி ஏறி வரமாட்டான். என்ன விஷயம்?"

டெக்லன் கதவைத் திறந்தார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் கோட்டை மாட்டும்போதே, ஆணியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கொப்புளித்தது, பட்டை ஒட்டியது, ஷேமஸ், பஸ். மாலோ போய்வந்த அன்று நடந்ததை மட்டும் விட்டுவிட்டார். அதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

நோரீன் தட்டை வைத்தார். "சரி. இப்ப நான் என்ன பண்ணணும்?"

"நான் அணைக்கறதை நீ கண்ணால பாக்கணும். அப்புறம் என்னைக் கண்ணைவிட்டு விடக்கூடாது. அவ்வளவுதான். தண்ணி குளுந்தே இருந்தா, நான்தான் தெரியாம போட்டுட்டிருந்திருக்கேன்னு அர்த்தம்."

"சுட்டா?"

டெக்லன் மாடிப்படியைக் காட்டினார்.

இருவரும் மேலே போனார்கள். முதலில் வெந்நீர் முழுவதையும் திறந்துவிட்டார்கள். குளியலறை ஆவியால் நிறைந்து, மெல்ல மெல்லத் தெளிந்து, குழாயில் வந்த தண்ணீர் கடைசியில் குளிர்ந்தது. தொட்டியும் குளிர்ந்தது. டெக்லன் துண்டு அடுக்கை, மேலே படுத்திருந்த பிஷப்போடு சேர்த்து, ஒதுக்கி வைத்தார். சுவிட்சைக் கீழே தள்ளி, உடனே மேலே தள்ளினார்.

"பாத்தியா?"

"பாத்தேன். மேல தள்ளின."

"மேல இருக்கு. அணைஞ்சிருக்கு. நீ சாட்சி."

கீழே வந்து டீ போட்டு, ரொட்டி வெட்டி உட்கார்ந்தார்கள். ஊர் விஷயம் பேசிப் பார்த்தார்கள், பேச்சு ஓடவில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கொஞ்ச நேரத்தில் டெக்லன் எழுந்து நெளிந்தார்.

"என்ன?"

"பாத்ரூம் போகணும். மேலதான் இருக்கு."

நோரீனும் எழுந்தார். "நான் வெளிய நிக்கறேன். நீ உள்ள பாடிக்கிட்டே இரு. சத்தம் நின்னா கதவைத் திறந்துடுவேன்."

"பாடறதா?"

"ஆஸ்பத்திரில கிழவனுங்களை அப்படித்தான் பாத்துக்குவோம். பாடு."

டெக்லன் மாதா கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைக்கிறவர். தெரிந்த ஒரே ஒரு கீர்த்தனையின் முதல் இரண்டு வரியைக் கதவுக்குப் பின்னால் நின்று திரும்பத் திரும்பப் பாடினார். வெளியே வந்தபோது காது சிவந்திருந்தது.

"குரல் நல்லாத்தான் இருக்கு" என்றார் நோரீன். முகத்தில் சிரிப்பே இல்லை.

இன்னொரு கெண்டி டீ முடிந்தபிறகு போய்ப் பார்த்தார்கள். டெக்லன் தொட்டியைத் தொட மனமில்லாமல் நின்றார். நோரீன் தொட்டார். கையை உதறினார்.

"சுடுது."

"சுவிட்சு?"

"மேலதான் இருக்கு. வெச்ச இடத்துல."

"நான் எங்கயும் போகல."

"நீ எங்கயும் போகல. பாடிக்கிட்டுதான் இருந்த."

டெக்லன் கதவு நிலையில் சாய்ந்தார். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்ப நான் இல்ல."

"நீ இல்ல."

"அப்ப யாரு?"

"பிஷப்பா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நோரீன் உள்ளே கைவிட்டு சுவிட்சைக் கீழே தள்ளினார்.

"என்ன பண்ற? ஏன் போடற?"

"போடல. அணைக்கறேன்."

"கீழ தள்ளினா எரியும், நோரீன்."

"அன்னைக்கு எரியலையே."

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை. நீ மாலோ போயிருந்தியே. பூனையைக் காணோம்னு மேல வந்தேன். இதுக்குள்ள படுத்திருந்துச்சு, ரொட்டி அடுப்பு மாதிரி கொதிக்குது உள்ள. என்னடா இவன் அணைக்காமப் போயிட்டானேன்னு அமுக்கினேன். குழாயைத் திறந்து கொதிச்ச தண்ணியெல்லாம் போகவிட்டேன். கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு." டெக்லனின் முகத்தைப் பார்த்ததும் நோரீனின் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியாதா? சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்."

டெக்லன் கதவு நிலையைவிட்டு நிமிர்ந்தார். "நீ அமுக்கறப்ப அது மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும். அமெரிக்காவில எல்லாம் மேல தள்ளினாத்தான் எரியும். இங்க வேற. எது எந்த ஊர்னு எனக்குக் கலந்துபோச்சு. அதனால சுவிட்சை நான் நம்பறதே இல்ல. தொட்டேன், சுட்டுச்சு, இருந்த பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளினேன்."

டெக்லன் மெல்ல அலமாரிக்குள் தலையை நுழைத்துச் செப்புத் தொட்டிக்கருகில் காதை வைத்தார். ஒரு சத்தமுமில்லை. சுவிட்சை மேலே தள்ளினார். உள்ளே, கெண்டி கொதிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மெல்லிய இரைச்சல் தொடங்கியது. கீழே தள்ளினார். நின்றது. மேலே. இரைச்சல். கீழே. அமைதி.

"நோரீன், ஒரு விளக்கு கொண்டா."

நோரீன் போனில் இருந்த விளக்கைப் பிடித்தார். முப்பது வருஷமாகத் தடவியே தெரிந்த சுவிட்சை டெக்லன் அன்றுதான் முதல் தடவையாக நேருக்குநேர் பார்த்தார். பழைய வெள்ளைத் தகடு. சுவருக்கு அடித்த மஞ்சள் பெயிண்டு எந்தக் காலத்திலோ அதன்மேலும் பட்டு, எழுத்தையெல்லாம் மூடி வழிந்து காய்ந்திருந்தது. வழிந்த தடங்கள் கீழிருந்து மேலே போயின. ஒவ்வொரு தடத்தின் நுனியிலும் ஒரு சொட்டு, கூரையைப் பார்த்தபடி உறைந்து நின்றது.

கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்தார்கள்.

"ஹார்டிகனோட மருமகன்" என்றார் டெக்லன். "ஒயரை மாத்திட்டுத் தகட்டைத் தலைகீழா வெச்சு முடுக்கியிருக்கான்."

"அப்ப நீ ஒரு மாசமா அணைச்சதெல்லாம்…"

"போட்டது."

"போட்டதெல்லாம்…"

அன்று காலைவரை டெக்லன், கடந்து போகும்போதெல்லாம் கையை விட்டு, ஹீட்டர் பத்திரமாக எரிகிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போயிருக்கிறார். குளியலறைக்குள் போய், மூடியிருந்த கழிப்பிட இருக்கைமேல் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பதாகத்தான் நோரீன் முதலில் நினைத்தார். பிறகு அருகில் போய் நின்றார்.

"பிரீடா இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பா" என்றார் டெக்லன் கடைசியில்.

"பிரீடா இருந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அணைச்சு வீட்டையே வேகவெச்சிருப்பீங்க."

இந்தத் தடவை அது சிரிப்புதான்.

ஹார்டிகன் போனில் முதலில் நம்பவில்லை. பிறகு வெகுநேரம் இருமினார். சனிக்கிழமை வேறு ஆளை அனுப்பித் தகட்டைத் திருப்பி வைப்பதாகச் சொன்னார். தண்ணீர் போதிய சூடானதும் ஹீட்டரைத் தானாக நிறுத்தும் கருவியும் செத்திருக்கும், அதையும் மாற்றிவிடலாம் என்றார். அது செத்திருந்ததால்தான் செப்புத் தொட்டி கொதித்து, கொதித்த தண்ணீர் குழாய் வழியாகப் பரண் தொட்டிக்குள் பொங்கி விழுந்திருக்கிறது. அது செத்து எத்தனை வருஷமோ. அரைமணிக்குமேல் யாரும் ஹீட்டரை எரியவிடாத வீட்டில், அது உயிரோடிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இருந்ததில்லை.

ஃபிண்டனுக்கும் போன் செய்தார்.

"முதுகு சரியாயிடுச்சு."

"ஒரே நாள்லயா?"

"ஒரு சாயங்காலத்துல."

"நல்லதாப் போச்சு. நான் வேற ஆளே தேடல. அந்தக் கடலோர ரோட்டுக்கு எவன் வருவான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு ஃபிண்டன் கேட்டார், "காத்துதானே?"

"காத்தில்ல."

"காத்தாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை மேட்டுப் பாதையின் முதல் நிறுத்தத்தில் டெக்லன் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பிள்ளைகள் வர இன்னும் நேரமிருந்தது. வழக்கமாகக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுவார். கடல்மேல் மூடுபனி. கண்ணாடியைத் துடைத்தார். சாவிக்கொத்து துவாரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தோன்றியது. கிளம்பும்போது அலமாரியைக் கடந்து வந்தோம். கை உள்ளே போனதா? போயிருக்கும், எப்போது போகாமல் இருந்தது. சுவிட்சு கீழே இருந்திருக்கும், ஏனென்றால் இப்போது கீழே இருந்தால்தான் அணைந்தது. கீழே இருப்பதைப் பார்த்துக் கை என்ன செய்திருக்கும்? விட்டுவிட்டு வந்ததா, இல்லை இத்தனை வருஷப் பழக்கத்தில் மேலே தள்ளிவிட்டு வந்ததா? யோசிக்க யோசிக்க இரண்டையும் செய்ததாக நினைவு வந்தது. எதையும் செய்யாததாகவும் வந்தது. கீழே என்றால் அணைந்தது, மேலே என்றால் எரிகிறது, சனிக்கிழமைக்கு அப்புறம் மறுபடி மேலே என்றால் அணைந்தது. அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்வதாக இல்லை.

இது வேறு குழப்பம், நேற்றுவரை இருந்ததல்ல என்பது மட்டும் தெரிந்தது. போனை எடுத்தார்.

"நோரீன், எழுந்துட்டியா? ஒரு உபகாரம். என் வீட்டுக்குப் போய் அந்த அலமாரியை…"

"இங்கதான் இருக்கேன்" என்றார் நோரீன். "நீ போன் பண்ணுவேன்னு தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

"சுவிட்சு எப்படி இருக்கு? மேலயா, கீழயா?"

"அதை நான் பாக்கவே இல்ல. தொட்டியைத் தொட்டேன், ஜில்லுனு இருக்கு. பிஷப் கோவிச்சுக்கிட்டு சமையலறைக்கு வந்து உக்காந்திருக்கு. வண்டியை எடு."

டெக்லன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வெளிவந்து பஸ் கதவைத் தட்டியது. போனைப் பையில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

"ஒண்ணு" என்று எண்ணினார்.